ஆஜர்ப் புத்தகத்தில் படாத கை

ஹரிக்லே நாஸ்டோ ஜெயித்தவை இவை. மூன்று வயதில், கூரையில்லாத லாரியில் இரண்டு நாள் மழையில் நனைந்து வந்த பயணத்தை. ஏழு வயதில், ஷெல்கஸ் பண்ணைக் கொட்டகையில் பதினோரு பிள்ளைகளுக்குக் கண்ட அம்மையை. அதில் எழுந்தவர்கள் எட்டுப் பேர். பள்ளியில் எட்டாம் வகுப்புவரை ஒவ்வோர் ஆண்டும் முதலிடத்தை. பரிசுப் புத்தகம் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவதாக வந்த பண்ணை அதிகாரியின் மகளுக்கே போனது. பதினெட்டு வயதில், ஏழு மனுக்களுக்குப் பிறகு, வேலை முடிந்த பின் படிக்கிற விவசாயப் பள்ளியில் ஓர் இடத்தை. இருபத்தாறு வயதில், மீசை முளைக்காத பையன்களுக்கு நடுவே கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பெஞ்சை. தலைநகர் டிரானாவில் ஆறாவது மாடியில் ஒரு வீட்டையும், அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வேண்டுமென்று நான்கு ஆண்டு நடந்த சண்டையையும். ஐம்பத்தொரு வயதில், மூன்றாம் முறையில், கார் ஓட்டும் உரிமத்தை.

இந்தப் பட்டியல் அக்கா ஒலிம்பியிடம் இருந்தது. எந்தக் கோழி எந்த நாளில் அடைக்கு உட்கார்ந்தது, எந்த ஆண்டு ஆலிவ் எப்போது பூத்தது என்று எழுதிவைக்கிற கட்டம் போட்ட நோட்டின் கடைசிப் பக்கங்களில், தேதியோடு எழுதி வைத்திருந்தாள். தங்கை உரிமத் தேர்வில் தோற்ற இரண்டு தேதிகளும் அதில் உண்டு. தோற்காமல் ஜெயித்தால் அதில் என்ன இருக்கிறது என்பது ஒலிம்பியின் கட்சி. அவள் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் தேதி விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

அந்தப் பட்டியலில் ஒரே ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. 1985 பிப்ரவரி 11 முதல் 19 வரை. தேதியை எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

அவர்கள் குடும்பம் கொர்ச்சா நகரத்துக் குடும்பம். 1968இல் சித்தப்பா பிரெஸ்பா ஏரியை நீந்திக் கடந்து எல்லைக்கு அப்பால் போய்விட்டார். ஓடிப்போனவரின் குடும்பத்துக்குத் தண்டனையாக, அடுத்த வாரம் லாரி வந்தது. அவர் நீந்தினார், இவர்கள் நனைந்தார்கள். லுஷ்னியாவுக்குப் பக்கத்துச் சமவெளியில், கொசுவும் பருத்தியும் மட்டும் விளைகிற ஷெல்கஸ் பண்ணையில் இறக்கிவிட்டார்கள். இனி அந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டாவது குளிர்காலத்தில் அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் இரண்டு பெண்களும் மிஞ்சினார்கள்.

தாண்டவில்லை என்பதற்குச் சாட்சி ஆஜர்ப் புத்தகம். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, மாலையில் திரும்பியதும் ஒரு தடவை, காவல் சாவடிக்குப் போய்ப் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வயது முடிந்த எல்லாரும். அம்மா பத்து வருடம் போட்டாள். ஒலிம்பி பதினான்கிலிருந்து போட்டாள். 1978இன் இலையுதிர் காலத்தில் அம்மா படுத்த படுக்கையானபோது, சின்னவளுக்குப் பதினான்கு ஆக ஐந்து மாதம் இருந்தது.

"ஒலிம்பி, உன் கை போனது போச்சு. என் கையும் போச்சு. அவ கை அந்தப் புத்தகத்துல படக் கூடாது. எப்படிப் பண்ணுவியோ தெரியாது, பட விடாதே" என்றாள் அம்மா. ஒலிம்பி சரி என்றாள். அம்மா கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடுத்த மார்ச்சில் ஹரிக்லேயின் பெயர் புத்தகத்தில் ஏறியது. சாவடியில் இருந்தவன் ஸெனெல் என்ற கார்ப்பரல். கெட்டவன் என்று சொல்ல முடியாது, சோம்பேறி. பக்கத்தில் மை கொட்டினால் மேலதிகாரியிடம் திட்டு வாங்குவது ஒன்றுதான் அவனுக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் ஒலிம்பி பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இவளுக்குக் கை நடுக்கம். பேனாவைக் கொடுத்தா பக்கம் முழுக்க மை சிந்தும். நான் பிடிச்சுப் போட்டுடறேன். ஆள் இதோ எதிர்லதானே நிக்கறா."

"பள்ளிக்கூடத்துல முதல் மார்க்கு வாங்குறவளுக்குக் கை நடுக்கமா?"

"அங்க பென்சில்ங்க ஐயா. பென்சிலுக்கு நடுங்காது."

ஸெனெல் பெண்ணைப் பார்த்தான், மைக்கூட்டைப் பார்த்தான். பேனாவை அக்காவிடமே தள்ளினான். அன்றிலிருந்து, 1990இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கும்வரை பதினொன்றரை வருடம், காலையும் மாலையும், இரண்டு பெயருக்கும் ஒலிம்பியின் கைதான். தங்கை பெயருக்கு மட்டும் எட்டாயிரத்துச் சொச்சம். பண்ணைக் கூலிப் பட்டியலிலும் அவளே, பள்ளிக்குப் போட்ட ஏழு மனுக்களிலும் அவளே. தங்கை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நினைவு வந்தால் கொஞ்சம் நடுங்கியும் காட்டுவாள்.

1985 பிப்ரவரியில் ஒலிம்பிக்கு நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பத்தாம் நாள் கண் விழித்தபோது தங்கை அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். யாரையும் சாவடியில் அடைக்கவில்லை, ரொட்டி குறையவில்லை. ஆக, ஒன்பது நாளும் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒலிம்பி கேட்கவில்லை. ஹரிக்லே சொல்லவில்லை. கேட்காமலே முப்பத்து நான்கு வருடம் ஓடிவிட்டது.

2019 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை காலை, லுஷ்னியா வேனிலிருந்து ஒலிம்பி டிரானாவில் இறங்கினாள். கையில் இரண்டு பை. ஒன்றில் மரத்தூளில் புதைத்த முப்பது முட்டை, மிளகாய் ஊறுகாய், கீரை வைத்துச் சுட்ட பியுரெக், தண்ணீர் பாட்டிலில் திராட்சைச் சாராயம். இன்னொன்றில் மாற்றுத்துணி, கட்டம் போட்ட நோட்டு, நோட்டுக்குள் நான்காக மடித்த ஒரு கடிதம். கண் பரிசோதனை என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

"டிரானாவுல முட்டை கிடைக்காதா அக்கா?" என்று ஹரிக்லே பையைத் தூக்கிக் காரில் வைத்தாள்.

"கிடைக்கும். போட்ட கோழி யாருன்னு தெரியாதே."

ஹரிக்லேயின் கார் நாய் வாசனை அடித்தது. பின் சீட்டில் ஒரு கூண்டு, ஒரு கட்டு பஞ்சு. அவள் ஓட்டுவது ஒலிம்பிக்குப் பிடித்திருந்தது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டால்தான் பிடித்தது. வளைவுகளில் அழைப்புமணிப் பொத்தானைப் போல அழுத்துகிற ஹாரன், பிறகு ஒரு மன்னிப்பு, பிறகு இன்னொரு ஹாரன்.

"மூணாவது தடவையில எப்படிடீ பாஸ் பண்ணினே?"

"பரிசோதகரோட பூனைக்கு நான்தான் ஊசி போட்டேன்."

"சும்மா சொல்லு."

"சும்மாதான் சொன்னேன். நல்லா ஓட்டினேன் அக்கா. கண்ணைத் தொறந்து பாரு."

பெரிய சாலையில் முக்கோணமாய்ச் சரிந்த அந்தப் பழைய கட்டடத்தின் மேல் பையன்கள் ஏறி, பின்பக்கம் தேயத் தேய வழுக்கி வந்தார்கள். அந்தக் காலத்தில் நாட்டை ஆண்ட தலைவரின் பெயரில் கட்டியது. அதற்கு ஷெல்கஸ் பண்ணையிலும் ஒருநாள் கூலி பிடித்தார்கள். "நம்ம ஒருநாள் கூலியில எவ்வளவு சறுக்குறாங்க பாரு" என்றாள் ஒலிம்பி. அவளுக்கு அது வருத்தமாக இல்லை; சறுக்குப் பலகையாகவாவது பயன்படுகிறதே என்றிருந்தது.

அந்தக் காலத்தில் மந்திரிகளும் அவர்கள் பிள்ளைகளும் மட்டும் குடியிருந்த, வேறு யாரும் உள்ளே கால் வைக்க முடியாதிருந்த தெருவில் இப்போது வாசலுக்கு வாசல் காபிக்கடை. ஹரிக்லே ஒரு கடையில் அக்காவை உட்கார வைத்தாள். பரிமாறும் பையன் எழுந்து நின்று, "டாக்டர், மிஷா இப்ப சாப்பிடறான்" என்றான். மிஷா அந்தக் கடையின் பூனை. எதிர்ச் சுவரோரம் புல்லிலிருந்து ஒரு கான்கிரீட் குமிழ் தலை நீட்டிக்கொண்டிருந்தது; எதிரி படையெடுப்பான் என்று பழைய ஆட்சி நாடெங்கும் கட்டிய பதுங்குகுழிகளில் ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் இருவர் அதன் முன் குனிந்து படம் எடுத்தார்கள்.

"இதுக்கு டிக்கெட்டா?"

"இதுக்கு இல்ல. ஊருக்கு வெளியே பெரிசு ஒண்ணு இருக்கு, மலைக்கு அடியில. அதுக்கு டிக்கெட்."

"நம்ம வீட்டுக் கொல்லையில இருக்கறதுக்குள்ள என் கோழிங்க இலவசமாப் போய் வருது. போன வருஷம் சேவல் வெளியே வரவே மாட்டேன்னு உள்ளேயே உட்கார்ந்துடுச்சு. எதிரி வரப்போறான்னு யாரோ அதுக்குச் சொல்லியிருக்கணும்."

ஹரிக்லே சிரித்ததில் காபி சட்டையில் சிந்தியது. துடைத்துக்கொண்டே மணி பார்த்தாள். "வா, கண் ஆஸ்பத்திரிக்குப் பதினொண்ணுக்குச் சொல்லியிருக்கே."

ஒலிம்பி நோட்டைத் திறந்து, கடிதத்தை மேசையில் விரித்து, மடிப்புகளை விரலால் நீவிவிட்டாள். கவிழ்ந்த ஆட்சியின் பழைய கோப்புகளைக் காட்டுகிற அலுவலகத்திலிருந்து வந்தது. ஒலிம்பி நாஸ்டோ கேட்டிருந்த ஷெல்கஸ் சாவடிப் பதிவேடு கிடைத்திருக்கிறது, ஏப்ரல் 9 காலை பதினொரு மணிக்கு அடையாள அட்டையோடு வந்து பார்க்கலாம், ஒருவர் துணைக்கு வரலாம்.

ஹரிக்லே இரண்டு முறை படித்தாள். "ஆஜர்ப் புத்தகம்."

"ம்."

"அதுல என்ன பாக்கப் போறே?"

"பிப்ரவரி எண்பத்தஞ்சு."

பூனை வந்து ஹரிக்லேயின் காலில் உரசியது. அவள் குனிந்து அதன் காதுகளைத் தடவினாள். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. "முப்பத்து நாலு வருஷமா இதையா வச்சுக்கிட்டிருந்தே? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேட்டு, நீ 'ஆமா, போட்டேன்'னு சொல்லிட்டா? நான் அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது? படுத்துக் கிடந்தேன்னா?"

"அப்ப இப்ப மட்டும் ஏன்?"

"எனக்கு அறுபத்திரண்டாச்சு. அங்க போனதும் அவ முதல்ல அதைத்தான் கேப்பா. தெரியாதுன்னு சொல்ல எனக்குப் பிடிக்கல."

ஹரிக்லே சாவியை எடுத்துக்கொண்டாள். வழியில் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. போட்டிருக்கிறாள், அதுதான் பேச்சில்லை என்று ஒலிம்பி நினைத்துக்கொண்டாள்.

படிக்கும் அறையில் நீள மேசைகள். மேற்பார்வைக்கு எர்சில்தா என்ற இளம்பெண். அட்டையைச் சரிபார்த்து, பருத்திக் கையுறை கொடுத்து, பழுப்பு அட்டைப் பதிவேட்டைக் கொண்டுவந்து மெல்ல வைத்தாள். "நிதானமாப் பாருங்க பெரியம்மா. தண்ணி வேணும்னா சொல்லுங்க." அழுகிறவர்களைப் பார்த்துப் பழகிய குரல்.

ஒலிம்பி வாசனையில்தான் முதலில் அந்தப் புத்தகத்தை அடையாளம் கண்டாள். சாவடியின் மண்ணெண்ணெய் அடுப்பு வாசனை இன்னும் அந்தத் தாளில் இருந்தது. ஜனவரியைத் திருப்பினாள். அவளுடைய கை, வரிசை வரிசையாக. நாஸ்டோவின் கடைசி எழுத்தில் அவளுக்கு ஒரு வால் உண்டு, கோழி வாலைப் போல மேலே தூக்கும். குளிரில் விரல் வெடித்த நாளில் அந்த வால் குட்டை. பருத்தி மூட்டை தூக்கிய நாளில் கோணல். சோள ரொட்டி கிடைத்த நாளில் நல்ல நீளம். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. பிப்ரவரி 8, 9. பத்தாம் தேதி மாலை வால் வரிக்கு வெளியே ஓடிப்போயிருந்தது, அப்போதே காய்ச்சல்.

அதற்கு மேல் அவளால் திருப்ப முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "நீயே பாரு."

"நான் பாக்க வேண்டாம் அக்கா. எனக்குத் தெரியும். நீ பாரு."

ஒலிம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

பிப்ரவரி 11, காலை. ஒலிம்பி நாஸ்டோ என்ற பெயருக்கு நேரே ஒலிம்பியின் கையெழுத்து. ஹரிக்லே நாஸ்டோ என்ற பெயருக்கு நேரேயும் ஒலிம்பியின் கையெழுத்து. மாலையும் அப்படியே. பன்னிரண்டு, பதின்மூன்று, பத்தொன்பதுவரை, எல்லாம் அவளுடைய கை. காய்ச்சலோடு எழுந்து போனோமா? நினைவில்லையா?

பிறகு வால்களைப் பார்த்தாள். முப்பத்தாறு வால்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே வளைவு, ஒரே இடத்தில் நின்றன. ஒன்றிலும் குளிர் இல்லை, களைப்பு இல்லை. பள்ளியில் முதல் மார்க்கு வாங்குகிறவள் பார்த்து எழுதிய வால்கள்.

"இது என் கையெழுத்து இல்ல. என்னுதைவிட நல்லாருக்கு."

"ரெண்டு நாளா உனக்குச் சூடு ஏறிட்டே இருந்துச்சு. நாளைக்கு நான்தான் போகணும்னு தெரிஞ்சுபோச்சு. மாட்டுக் கொட்டகைத் தரையில குச்சியால போட்டுப் போட்டுப் பழகினேன். மாடு மிதிக்கும், மறுபடி போடுவேன். அம்மா உன்கிட்ட சொன்னப்ப நான் தூங்கலைக்கா. என் கை அதுல படக் கூடாதுன்னா, உன் கையைத்தானே கொண்டுபோகணும்?"

"ஸெனெல் ஒண்ணும் கேக்கலையா? கை நடுக்கம் எங்கே போச்சுன்னு?"

"கேட்டான். அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததும் என் நடுக்கமெல்லாம் அவளுக்குப் போயிடுச்சுங்க ஐயான்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சான். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான். ஒன்பது நாளும் நான் பேனாவை எடுத்தா அவன் ஜன்னலுக்குப் போயிடுவான். வெளியே பாக்க ஒரு கழுதைகூட இருக்காது."

ஒலிம்பி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. எர்சில்தா தண்ணீரோடு ஓடி வந்தாள்; இந்த அறையில் இப்படிச் சிரித்தவரை அவள் பார்த்ததில்லை போலும். "பெரியம்மா, சரியா இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு. முப்பத்தாறு கள்ளக் கையெழுத்து. எல்லாம் என் தங்கச்சி போட்டது. எவ்வளவு அழகா இருக்கு பாரேன்." எர்சில்தாவும் குனிந்து பார்த்தாள். ஹரிக்லேயின் காது மடல்கள் சிவந்துவிட்டன. கிளம்பும்போது ஒலிம்பி மூடிய பதிவேட்டின் மேல் ஒரு நொடி கையை வைத்து, பிறகு கையுறைகளைக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக் கொடுத்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு ஆறாவது மாடிக்குப் போனார்கள். ஜெயித்த லிஃப்டில். வெளிச்சுவருக்கு நகராட்சி மஞ்சளும் ஆரஞ்சும் அடித்திருந்தது; உள்ளே மாடிப்படியில் பழைய பச்சை எண்ணெய்ப் பெயின்ட் அப்படியே இருந்தது, அதன்மேல் யாரோ கீறிய 1976. ஹரிக்லே பியுரெக்கைச் சூடுபண்ணினாள். ஒலிம்பி சாராயத்தை இரண்டு சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூன்றாவதையும் ஊற்றி, அதை ஜன்னல் திண்டில் வைத்தாள். அது அம்மாவுக்கு.

பிறகு நோட்டைத் திறந்து, காலியாய்க் கிடந்த இடத்தில் எழுதினாள்: கை படவில்லை. பேனாவை மூடப் போனவள் நிறுத்தினாள். அவளுக்கு ஒன்று உறைத்தது.

"ஆமா, நீ உன் கையால முதல்ல எதுலதான்டீ கையெழுத்துப் போட்டே?"

ஹரிக்லே வாயில் இருந்ததை விழுங்கினாள். "கல்லூரியில. கமெஸ் ஊர்ல. சேர்க்கை எழுதற இடத்துல வரிசை. என் முறை வந்துச்சு. குமாஸ்தா மார்க்குப் புத்தகத்தைத் தள்ளி, போடும்மான்னார். நான் திரும்பிப் பக்கத்துல பாத்தேன்."

"பக்கத்துல யாரு?"

"யாருமில்ல. உன்னைத்தான் பாத்தேன். நீ எங்க இருப்பே, ஷெல்கஸ்ல பருத்தி எடுத்துக்கிட்டிருந்தே. எனக்கு இருபத்தாறு வயசுக்கா. எனக்குன்னு ஒரு கையெழுத்தே கிடையாது. இருந்தது உன்னுதுதான். அதைப் போட பேனாவை வச்சேன், வால்கிட்ட வந்து நிறுத்திட்டேன். அவர், 'என்னம்மா, கலியாணப் பத்திரமா இது, இவ்வளவு யோசிக்கறே?'ன்னார். பின்னாடி பையன்கள் எல்லாம் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

ஹரிக்லே எழுந்து போய், அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். மாணவர்களின் மதிப்பெண்களை எழுதுகிற சின்னப் புத்தகம். நீல அட்டை, மூலைகள் மழுங்கியிருந்தன. முதல் பக்கத்தைத் திறந்து அக்காவின் முன் வைத்தாள்.

புகைப்படத்தில் ஓர் ஒல்லிப் பெண், ஒலிம்பியின் சட்டையில். அதன் கீழே ஹரிக்லே நாஸ்டோ. முதல் எழுத்துகள் ஒலிம்பியின் கையைப் போலத்தான் தொடங்கின; போகப்போக நிமிர்ந்து, கடைசி எழுத்து வாலில்லாமல் சின்ன வட்டமாக மூடியிருந்தது. பேனா அங்கேயே வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு மைத்துளி.

"பாத்தியா, நான் ஸெனெல்கிட்ட பொய் சொல்லல. உன் கையில பேனாவைக் கொடுத்தா மை சிந்தத்தான் செய்யுது" என்றாள் ஒலிம்பி.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மைத்துளிக்குக் கீழே இருந்த தேதியை ஒருமுறை வாய்க்குள் படித்தாள். பிறகு நோட்டைப் பக்கத்தில் இழுத்து, பட்டியலில் புதிய வரி தொடங்கி, ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்து எழுதினாள்: 1991 அக்டோபர் 14, திங்கட்கிழமை.